பசியாறிய பருந்தும் பசியாறாத நாமும்

கோயில் கும்பாபிஷேகத்தன்று அந்த ஒரு நிமிடத்துக்காக எல்லாரும் காத்திருப்போம். கலசத்தில் புனித நீர் ஊற்றும் நேரம் பார்த்து, கூட்டத்தில் யாராவது ஒருவர் "கருடன்! கருடன்!" என்று குரல் கொடுப்பார். உடனே அத்தனை தலைகளும் நிமிரும். பாட்டிமார்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இளையவர்கள் கைப்பேசியை உயர்த்துவார்கள். வானத்தில் வட்டமிடும் அந்தப் பறவைக்குச் செம்பருந்து என்றும் பெயர் உண்டு. உடலும் இறக்கையும் செங்கல் நிறம். தலையும் மார்பும் வெள்ளை.

கும்பாபிஷேகம் முடிந்து, அன்னதானம் சாப்பிட்டு வீடு திரும்பியதும் நாம் அதை மறந்துவிடுகிறோம். அது எங்கும் போய்விடுவதில்லை. கிள்ளான் துறைமுகத்தின் மேலும், கோலசிலாங்கூர் ஆற்றோரத்திலும், பினாங்குக் கடற்கரையிலும் நண்டையும் செத்த மீனையும் தேடி நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

வார நாள்களில் எனக்கு வானொலியில் வேலை. எங்கள் தொழிலில் மைக் முன்னால் ஐந்து விநாடி மௌனம் விழுந்தாலே கட்டுப்பாட்டு அறையில் பதற்றம் வந்துவிடும். வார இறுதியில் நான் செய்யும் வேலை இதற்கு நேர்மாறானது. கனமான லென்ஸைத் தூக்கிக்கொண்டு, தொப்பியும் தண்ணீர்ப் புட்டியுமாக, வேட்டைப் பறவைகளைப் படம் பிடிக்கப் போய்விடுவேன். அங்கே ஐந்து மணி நேரம் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். ஆறு ஆண்டுகளாக இப்படித்தான் போகிறது.

இந்த ஆறு ஆண்டுகளில் பருந்து, கழுகு, ஆந்தை என்று நிறையப் பார்த்துவிட்டேன். அவற்றைச் சுற்றி நிற்கும் மனிதர்களையும் பார்த்துவிட்டேன். கூரிய நகமும் வளைந்த அலகும் கொண்ட அந்தப் பறவைகளைத்தான் நாம் 'கொடிய' என்ற அடைமொழியோடு அழைக்கிறோம். அந்தச் சொல்லை யாருக்குச் சூட்டுவது என்பதில் எனக்கு இப்போது கொஞ்சம் குழப்பம் உண்டு.

கடல் கடந்து வரும் விருந்தாளி

போர்ட்டிக்சனுக்கு விடுமுறைக்குப் போகாத தமிழ்க் குடும்பம் நம் நாட்டில் குறைவு. அங்கே புளூ லகூன் கடற்கரைக்குப் பக்கத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு காட்டு மேடு இருக்கிறது. அதுதான் தஞ்சோங் துவான். நெகிரி செம்பிலானுக்கு நடுவில் இருந்தாலும் நிலம் மலாக்காவுக்குச் சொந்தம். உச்சியில் பழைய கலங்கரை விளக்கம் ஒன்று நிற்கிறது. அங்கிருந்து எதிரே இருக்கும் சுமத்ரா பக்கத்து ரூபாட் தீவு சுமார் 40 கிலோமீட்டர்தான். மலாக்கா நீரிணை குறுகும் இடங்களில் இதுவும் ஒன்று.

பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை இந்த மேட்டின் மேல் ஓர் ஊர்வலம் நடக்கும். இந்தோனேசியத் தீவுகளில் குளிர்காலத்தைக் கழித்த தேன்பருந்துகள், குஞ்சு பொரிப்பதற்காக வடக்கே சீனா, ஜப்பான், சைபீரியா பக்கம் திரும்பும் காலம் அது. ஜப்பானிய ஆய்வாளர்கள் சில தேன்பருந்துகளின் முதுகில் சிறிய கருவியைப் பொருத்தி, செயற்கைக்கோள் வழியாகப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு வழிப் பயணமே பத்தாயிரம் கிலோமீட்டர் அளவுக்குப் போகிறது.

தேன்பருந்து என்றாலும் அது தேடுவது தேனைவிடக் கூட்டுக்குள் இருக்கும் தேனீ, குளவிப் புழுக்களைத்தான். கொட்டு வாங்காமல் இருக்க அதன் முகத்து இறகுகள் செதில்போல நெருக்கமாக அமைந்திருக்கும். தலை சிறியது, கொஞ்சம் புறாவை நினைவூட்டும்.

இந்தப் பறவைகள் நீண்ட தூரம் போகும்போது இறக்கையை அடித்துக்கொண்டே போவதில்லை. வெயிலில் தரை சூடாகி மேலே எழும் வெப்பக் காற்றில் ஏறி, சுற்றிச் சுற்றி உயர்ந்து, பிறகு அப்படியே வழுக்கிக்கொண்டு அடுத்த காற்றுத் தூணுக்குப் போகும். மின்தூக்கியில் ஏறி, சறுக்குமரத்தில் இறங்குவதுபோல. சிக்கல் கடலில்தான். கடல் மேல் அந்த மின்தூக்கி கிடையாது. நீரிணையைத் தாண்டும்போது இறக்கையை அடித்தே ஆக வேண்டும். அதனால்தான் தஞ்சோங் துவானுக்கு வந்து சேரும்போது அவை களைத்துப் போய், மரங்களின் உச்சியை உரசுவதுபோலத் தாழ்வாக வருகின்றன.

காலை பத்து மணிவாக்கில் முதல் புள்ளி தெரியும். கடலும் வானமும் சேரும் இடத்தில் கொசுபோல ஒன்று. பிறகு நான்கு, பிறகு இருபது. சில நாள்களில் எண்ணிக்கை ஆயிரத்தையும் தாண்டும். மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டு முதல் இங்கே வேட்டைப் பறவைகளைக் காணும் விழா நடத்தி வருகிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகத் தகுந்த நிகழ்ச்சி.

படம் பிடிக்க ஆசைப்படுபவர்களுக்குச் சிறு குறிப்பு. வானம் பளிச்சென்று இருப்பதால் கேமரா ஏமாந்து பறவையைக் கறுப்பு நிழலாக்கிவிடும். வெளிச்ச அளவை ஒரு படி கூட்டி வையுங்கள். ஷட்டர் வேகம் 2000இல் ஒரு பங்கு நொடியாவது இருக்கட்டும். இறக்கை நுனியில் விரல்போல விரிந்திருக்கும் இறகுகளை எண்ணுங்கள். ஆறு இருந்தால் தேன்பருந்தாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அங்கே வழக்கமாக வரும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். கையில் கேமரா கிடையாது. பழைய தொலைநோக்கியும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான். ஒருமுறை, தாழ்வாக வந்த பருந்துக் கூட்டத்தைப் பார்த்துச் சிலர் ஓடிப்போய் நெருங்க முயன்றார்கள். களைப்பில் மரத்தில் உட்காரப்போன இரண்டு பறவைகள் மறுபடி எழும்பிப் போய்விட்டன. அவர் என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "அதுங்க பெட்ரோல் போட்டுக்கிட்டு வரலமா. உடம்புல இருக்கிற கொழுப்புதான் பெட்ரோல். இப்ப எழும்பிப் போச்சே, அது இவங்க செலவழிச்ச காசு இல்ல, அதோட காசு."

"நாம என்ன சார், படம்தானே எடுக்கிறோம், வேற எதையும் எடுக்கலையேன்னு சொல்வாங்களே?" என்று கேட்டேன்.

"எடுக்கிறது தெரியாம எடுக்கிறதுதான்மா பெரிய எடுப்பு" என்றார்.

ஒரு கிளைதானே!

காட்டை அழிப்பவர்களின் பேராசையைப் பற்றிப் பேசுவது நமக்குச் சுலபம். அந்தப் பேராசைக்காரர் எப்போதும் வேறு யாரோவாக இருப்பார். நிறுவனமாக இருப்பார், அரசியல்வாதியாக இருப்பார். வேட்டைப் பறவைகளைச் சுற்றி நான் கண்ட பேராசை, ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு பசியாறிவிட்டு வரும் நல்ல மனிதர்களிடம் இருந்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கில், புதிய வீடமைப்புப் பகுதி ஒன்றின் ஓரம். புல்வெளியில் தனியாக நின்ற சின்ன மரத்தில் கருந்தோள் பருந்து ஒன்று கூடு கட்டியிருந்தது. சாம்பலும் வெள்ளையுமான உடல், சிவந்த கண்கள். ஒரே இடத்தில் இறக்கையடித்து அந்தரத்தில் நின்று, கீழே எலியைக் கண்டதும் நேராக இறங்கும் அழகுப் பறவை அது. கூட்டில் மூன்று குஞ்சுகள்.

கூடு இருக்கும் இடம் ஒரு புலனக் குழுவில் பகிரப்பட்டது. அடுத்த வாரம் நான் போனபோது இருபது முக்காலிகள் வரிசையாக நின்றன. கூட்டை மறைத்துக்கொண்டிருந்த ஒரு கிளை வெட்டப்பட்டிருந்தது. படத்தில் குஞ்சுகள் தெளிவாகத் தெரிய வேண்டும் அல்லவா? யார் வெட்டியது என்று கேட்டேன். யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. ஒருவர் மட்டும், "ஒரு கிளைதானேம்மா, மரத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

உண்மைதான். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் கிளைதான் குஞ்சுகளுக்குக் கூரை. நம் ஊர் நண்பகல் வெயிலையும் காக்கையின் கண்ணையும் அதுதான் தடுத்துக்கொண்டிருந்தது. தாய்ப் பறவை இரையோடு வந்து, கூட்டத்தைப் பார்த்து, தொலைவில் மின்கம்பத்தில் உட்கார்ந்துவிட்டது. நான் லென்ஸைப் பையிலிருந்து எடுக்கவில்லை. அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, எல்லாரையும் கொஞ்சம் பின்னால் நகரச் சொல்லிக் கேட்டேன். நான்கு பேர் நகர்ந்தார்கள்.

அடுத்த வாரம் கூடு காலி. வெயிலா, காக்கையா, வேறு காரணமா, யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வாரம் முழுக்க முகநூலில் அந்தக் குஞ்சுகளின் படங்கள் விருப்பக்குறிகளை அள்ளிக்கொண்டிருந்தன. படத்தில் மூன்று குஞ்சுகளும் உயிரோடு வாயைத் திறந்துகொண்டிருந்தன.

சிங்கப்பூரில் நடந்தது இதையும் தாண்டியது. மீன் பிடித்துண்ணும் கழுகு ஒன்று நீரில் பாயும் காட்சிக்காகச் சிலர் மீனுக்குள் நுரைப்பஞ்சைத் திணித்து மிதக்கவிட்டார்கள். மீன் மூழ்காமல் இருந்தால் கழுகு எங்கே பாயும் என்று முன்கூட்டியே தெரியும்; குறி தப்பாது. அந்தக் கழுகு நுரைப்பஞ்சையும் சேர்த்து விழுங்கலாம் என்பது படம் எடுத்தவரின் கவலையாக இல்லை. அங்கே 2020 ஜூன் முதல் காட்டு விலங்குகளுக்கு உணவு கொடுப்பதே குற்றம். முதல் முறை பிடிபட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம்.

லங்காவியில் கோழித்தோல்

லங்காவி என்ற பெயரே கழுகிலிருந்து வந்தது என்பார்கள். மலாயில் ஹெலாங் என்றால் கழுகு. காவி என்பது செம்மண் நிறம். குவா துறையில் இறங்கியதும் 12 மீட்டர் உயரக் கழுகுச் சிலை நம்மை வரவேற்கும். அதன் முன்னால் நின்று எடுத்த குடும்பப் படம் நம்மில் பலர் வீட்டில் இருக்கும்.

அங்கே கிலிம் சதுப்புநிலக் காட்டுக்குள் படகில் போனால் 'கழுகுக்கு உணவூட்டல்' பல ஆண்டுகளாகப் பெயர்பெற்ற காட்சி. படகோட்டி கோழித்தோலையோ குடலையோ நீரில் வீசுவார். விசைப்பொறியின் சத்தம் கேட்டே பழகிப்போன செம்பருந்துகளும் வெண்வயிற்றுக் கடற்கழுகுகளும் நாற்புறமிருந்தும் வரும். படகில் கைதட்டல் எழும். கோலசிலாங்கூரில் மின்மினிப் பூச்சி பார்க்கப் போகும் படகுகளிலும் இதே காட்சி உண்டு.

கோழித்தோலில் இருப்பது பெரும்பாலும் கொழுப்பு. மீனையும் நண்டையும் முழுதாக உண்ணும்போது எலும்புக்கும் முட்டை ஓட்டுக்கும் தேவையான சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். தோலில் அது இல்லை. வெண்வயிற்றுக் கடற்கழுகு பொதுவாக இரண்டு முட்டைதான் இடும். இரண்டு குஞ்சுகளும் பிழைத்து வளர்வது எப்போதும் நடப்பதில்லை. அப்படிப்பட்ட பறவையின் குஞ்சுக்குத் தாய் கொண்டுபோய் ஊட்டுவது எது என்பது சிறிய விஷயமா? செம்பருந்தும் கடற்கழுகும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முழுப் பாதுகாப்பு பெற்றவை. வலை போட்டுப் பிடித்தால் குற்றம் என்று நமக்குத் தெரியும். தோலைப் போட்டுக் கெடுப்பதை மட்டும் நாம் பாசம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

கடந்த ஆண்டு பள்ளி விடுமுறையில் அங்கே போனபோது, படகில் ஏறும் முன்பே உணவு வீச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். வயதான மலாய்க்காரப் படகோட்டி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எனக்கும் அது பிடிக்காது" என்றார். "ஆனால் நான் போடாவிட்டால் பக்கத்துப் படகு போடும். பயணிகள் அந்தப் படகுக்குப் போய்விடுவார்கள். எனக்கும் நான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள்."

அதே படகில் ஈப்போவிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பமும் இருந்தது. "அக்கா சொல்றதும் சரிதான், சும்மா போய்ப் பார்ப்போம்" என்றார் அந்த அண்ணன். ஆற்று முகத்தில் படகோட்டி பொறியை நிறுத்தினார். இருபது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. சின்னப் பையன் நெளிய ஆரம்பித்தான். பிறகு, எதிர்க்கரை மரத்திலிருந்து கடற்கழுகு ஒன்று எழும்பி, வட்டமடித்து, நீரில் காலை நீட்டியது. தவறிவிட்டது. மறுபடி சுற்றிவந்தது. இரண்டாம் முறை, வெள்ளியாய் மின்னிய மீனைத் தூக்கிக்கொண்டு அதே மரத்துக்குத் திரும்பிவிட்டது. அதன்பின் அந்தக் கழுகு அசையவே இல்லை. எங்கள் படகு கிளம்பும்வரை உட்கார்ந்தே இருந்தது.

"இன்னொரு மீன் பிடிக்காதாம்மா?" என்று பையன் கேட்டான். "அதுக்கு வயிறு நிறைஞ்சிருச்சு" என்று அவன் அம்மா சொன்னார்.

தோட்டத்துக் கூகை

ஆசை இல்லாமல் மனிதன் வாழ முடியாது. நிலம் வேண்டும், வருமானம் வேண்டும். வேட்டைப் பறவையோடு அதைப் பங்குபோட்டுக்கொள்ளவும் முடியும் என்பதற்கு நம் செம்பனைத் தோட்டங்களே சாட்சி.

ஆந்தை கத்தினால் சாவு வரும் என்று பயந்த தலைமுறை நம் தாத்தா பாட்டிகளுடையது. ஆனால் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு எலி எவ்வளவு செம்பனைக் குலையைத் தின்று நாசம் செய்யும் என்றும் தெரியும். 1960களின் இறுதிவரை தீபகற்ப மலேசியாவில் கூகை அரிய பறவை. செம்பனை பரவியபோது எலி பெருகியது. எலியைத் தேடிக் கூகையும் பரவியது. தோட்ட நிர்வாகங்கள் கம்பத்தின் மேல் மரப்பெட்டிகளை வைத்து அதற்கு வீடு கொடுத்தன. ஒரு கூகைக் குடும்பம் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான எலிகளைத் தின்னும். சம்பளம் இல்லாத காவல்காரன்.

அங்கேயும் அவசரக்காரர்கள் உண்டு. எலி உடனே சாக வேண்டும் என்று கடுமையான விஷத்தை வைத்தார்கள். விஷம் தின்ற எலி தடுமாறி ஓடும். அதைப் பிடிப்பது கூகைக்கு எளிது. எலியோடு கூகையும் செத்தது. காவல்காரனைக் கொன்றுவிட்டு, அடுத்த ஆண்டு இன்னும் கூடுதலாக விஷம் வாங்க வேண்டிய நிலை.

போதும் என்ற சொல்

பணம் கொடுத்தால் இன்னும் வேண்டும் என்பான், நிலம் கொடுத்தால் இன்னும் வேண்டும் என்பான், சோறு போட்டால்தான் மனிதன் 'போதும்' என்பான் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். வயிற்றுக்கு ஓர் எல்லை இருக்கிறது. அதனால்தான் காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறியாச்சா?" என்று நாம் கேட்க முடிகிறது, "ஆச்சு" என்று பதில் சொல்லவும் முடிகிறது.

மெமரி கார்டுக்கு அப்படி வயிறு கிடையாது. இப்போதைய கேமராக்கள் நொடிக்கு 20 படம் எடுக்கும். தஞ்சோங் துவானில் ஒரு நண்பகலுக்குள் நான்காயிரம் படம் எடுத்துவிட்டு, "சரியா ஒண்ணுகூட அமையலை" என்று முகம் வாடித் திரும்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊடகத்துறையில் படித்தவள் என்பதால் எனக்கு இதன் கணக்கு கொஞ்சம் புரிகிறது. நேற்றைய படத்துக்கு இன்று மதிப்பில்லை. அதைவிட நெருக்கமாக, அதைவிட அதிரடியாக இன்னொன்று வேண்டும். அந்த 'இன்னொன்று'க்காகத்தான் கிளை வெட்டப்படுகிறது, மீனுக்குள் நுரைப்பஞ்சு நுழைகிறது, படகிலிருந்து கோழித்தோல் பறக்கிறது. காட்டை வெட்டுபவருக்கும் நமக்கும் அளவில்தான் வித்தியாசம். இருவரும் சொல்ல மறுப்பது ஒரே சொல்லை.

அதனால் சில வழக்கங்களை வைத்துக்கொண்டிருக்கிறேன். கூட்டை நெருங்கிப் படம் எடுப்பதில்லை. கூடு இருக்கும் இடத்தைச் சமூக ஊடகத்தில் எழுதுவதில்லை. நேயர்கள் கேட்டாலும் மாவட்டப் பெயரோடு நிறுத்திக்கொள்வேன். பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு அதை வரவழைப்பதில்லை. ஆந்தையின் கண்ணில் ஃபிளாஷ் அடிப்பதில்லை. நான் வந்ததால் ஒரு பறவை இடம் மாறினால், நான் ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டேன் என்று அர்த்தம்; பின்வாங்கிவிடுவேன். இதனால் எனக்குக் கிடைக்காத படங்கள் நிறைய. போட்டிகளில் பரிசு வாங்கும் அளவுக்கு நெருக்கமான படம் என்னிடம் ஒன்றுகூட இல்லை.

அடுத்த பள்ளி விடுமுறையில் லங்காவிக்கோ கோலசிலாங்கூருக்கோ போகத் திட்டமிடும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். படகுக்குப் பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பறவைக்கு உணவு போடாத படகு இருக்கிறதா?" இல்லை என்று சொல்லலாம். பரவாயில்லை. பத்துக் குடும்பங்கள் கேட்டால், பதினொன்றாவது குடும்பத்துக்கு அப்படி ஒரு படகு இருக்கும். அந்தப் படகோட்டியும் தன் நான்கு பிள்ளைகளுக்காகத்தான் தோலை வீசுகிறார். நாம் கேட்பது மாறினால் அவர் கொடுப்பதும் மாறும்.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை தஞ்சோங் துவானுக்கும் வாருங்கள். தொலைநோக்கி ஒன்று போதும். காலை ஒன்பதரைக்கெல்லாம் மேலே ஏறிவிட்டால் நிழலில் இடம் கிடைக்கும். தண்ணீரும் தொப்பியும் மறக்க வேண்டாம். பிள்ளைகள் பறவைகளை எண்ணட்டும்; நோட்டுப் புத்தகத்தோடு ஒரு பெரியவர் அங்கே உட்கார்ந்திருப்பார், கேட்டால் சொல்லிக்கொடுப்பார்.